நெடுந்தொலைவு ஓட்ட வீரரை ஆண்டுக்கணக்கில் வளர்த்தெடுப்பது எப்படி: பயிற்சியாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

1984 ஆகஸ்ட் 12 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் மாரத்தானில் போர்ச்சுகலின் கார்லோஸ் லோப்பெஸ் 2:09:21 என்ற நேரத்தில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 37. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே மாண்ட்ரீல் ஒலிம்பிக்கின் 10,000 மீட்டரில் அவர் வெள்ளி வென்றிருந்தார். இடையில் சில பருவங்களைக் காயங்கள் விழுங்கிவிட்டன. ஆனாலும் 10,000 மீட்டரில் தம் வாழ்நாளின் சிறந்த நேரமான 27:17.48-ஐ அவர் ஓடியது அதே 1984 ஜூலையில்தான். அடுத்த ஆண்டு ராட்டர்டாமில், 38 வயதில், 2:07:12 என்று மாரத்தான் உலகச் சாதனையும் படைத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர் மாரியோ மோனிஸ் பெரைரா என்ற பயிற்சியாளர். வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இடைப்பட்ட அந்த எட்டு ஆண்டுகளைத் தோல்வியாகக் கணக்கிடாத பயிற்சியாளர் அமைவது எளிதன்று.

ஏற்கெனவே தேசிய அளவிலோ அதற்கு மேலோ ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரை, அல்லது அந்த நிலையை நெருங்கிவிட்ட ஒருவரை, நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை வழிநடத்தப்போகும் பயிற்சியாளர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் நான் வலியுறுத்துவது ஒன்றைத்தான்: உயர்மட்ட நெடுந்தொலைவு ஓட்டத்தில் முன்னேற்றத்தைத் தீர்மானிப்பது எந்தவொரு கடுமையான பயிற்சியும் அல்ல, முறியாமல் தொடரும் பயிற்சி ஆண்டுகளின் எண்ணிக்கை. பயிற்சியாளரின் முதல் வேலை அந்தத் தொடர்ச்சியைக் காப்பது. வேகத்தைக் கூட்டுவது அதற்குப் பிந்தியது.

படி 1: உடலின் கால அட்டவணையைப் புரிந்துகொள்ளுங்கள்

பயிற்சிக்கு உடல் ஒரே வேகத்தில் பதில் சொல்வதில்லை. ரத்தத்தின் திரவ அளவு ஓரிரு வாரங்களிலேயே கூடுகிறது. தசைகளுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகச் சில வாரங்கள் போதும். தசைநாண்கள் கெட்டிப்பட மாதங்கள் ஆகின்றன. எலும்பின் கதை இன்னும் நுட்பமானது: அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது முதலில் பழைய பகுதியைக் கரைத்து, அதன் பிறகே புதியதைக் கட்டுகிறது. ஓரிடத்தில் இந்தச் சுழற்சி முடிவதற்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகலாம். நடுவில் அந்த இடம் முன்பைவிட வலுக்குறைந்தே இருக்கும்.

இதன் விளைவு என்னவென்றால், மூச்சும் இதயமும் தயாராகி, வீரர் தம்மை என்றுமில்லாத அளவுக்குப் பலமாக உணரும் பயிற்சியைக் கூட்டிய ஆறாவது அல்லது எட்டாவது வாரத்தில்தான் அவருடைய கீழ்க்கால் எலும்பு மிகப் பலவீனமாக இருக்கக்கூடும். பல அழுத்த முறிவுகள், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் ஏற்படும் விரிசல்கள், நல்ல ஃபார்மில் இருக்கும்போதே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். வீரர் "இன்னும் ஓட முடியும்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கும். ஆனால் அப்போது பேசுவது அவருடைய இதயம், எலும்பு அல்ல.

இன்னும் நீண்ட கால அளவில் நடக்கும் மாற்றத்துக்குப் பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் தெளிவான சான்று. உடலியங்கியல் அறிஞர் ஆண்ட்ரூ ஜோன்ஸ் அவரை 1992 முதல் 2003 வரை தொடர்ந்து அளந்து வந்தார். அவருடைய உடல் உச்சத்தில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 70 மில்லிலிட்டர் என்ற நிலையிலேயே அந்தப் பதினொரு ஆண்டுகளும் ஏறக்குறைய மாறாமல் இருந்தது. மாறியது வேறொன்று: ஒரே வேகத்தில் ஓட அவருக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன், அதாவது ஓட்டச் சிக்கனம், சுமார் 15 சதவீதம் மேம்பட்டது. 2003 ஏப்ரலில் லண்டனில் அவர் ஓடிய 2:15:25 என்ற உலகச் சாதனை 2019 வரை நிலைத்தது. அதற்கு முன்பு, 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் 2001 உலகப் போட்டியிலும், 10,000 மீட்டரில் நான்காவதாக வந்து பதக்கத்தைத் தவறவிட்டவர் அவர். சிறுவயதில் உள்ளூர்க் கிளப்பில் அவரைப் பயிற்றுவித்த அலெக்ஸ் ஸ்டான்டனே அப்போதும் அவருடைய பயிற்சியாளராக இருந்தார். ஆண்டுதோறும் ஆக்சிஜன் உச்சத்தை மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்லும் ஒருவர், இந்த வீராங்கனையின் வளர்ச்சி 1992-லேயே நின்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்.

படி 2: திட்டம் எழுதும் முன் கடந்த காலத்தைப் படியுங்கள்

புதிய வீரர் ஒருவர் உங்களிடம் வந்ததும் அவருடைய சிறந்த நேரங்களைக் கேட்பதற்கு முன், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் பயிற்சிப் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ஓர் ஆண்டில் காயத்தாலும் நோயாலும் இழந்த பயிற்சி நாட்கள் எத்தனை, இடைவிடாமல் தொடர்ந்த மிக நீண்ட காலம் எத்தனை வாரம். ஒருவர் ஆண்டுக்கு 80 நாட்களை இழக்கிறார் என்றால், அவருக்குப் புதிய பயிற்சி எதுவும் தேவையில்லை; அந்த 80-ஐ 30 ஆக்கினாலே முதல் ஆண்டின் முன்னேற்றம் கிடைத்துவிடும். காயங்கள் ஒவ்வொன்றுக்கும் முந்தைய ஆறு வாரங்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரே தவறு, பெரும்பாலும் தூரத்தையும் வேகத்தையும் ஒரே சமயத்தில் கூட்டிய தவறு, மீண்டும் மீண்டும் தென்படும்.

உறக்கம், படிப்பு அல்லது வேலை, பயணம், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றையும், வீராங்கனையாக இருந்தால் மாதவிடாய் ஒழுங்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேடே இல்லை என்றால், முதல் எட்டு வாரங்களில் எதையும் மாற்றாமல் அவர் வழக்கமாகச் செய்வதையே செய்யவிட்டுப் பதிவு செய்வது நல்லது.

படி 3: தூரத்தை ஆண்டுச் சராசரியால் கணக்கிடுங்கள்

ஓட்டக்காரர்கள் தங்கள் உச்ச வாரத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். "நான் வாரம் 160 கிலோமீட்டர் ஓடுகிறேன்" என்பவரின் பதிவேட்டைக் கூட்டி 52-ஆல் வகுத்தால் 95 வரும். உங்கள் திட்டம் தொடங்க வேண்டியது அந்த 95-இலிருந்துதான். முதல் ஆண்டு 95, அடுத்த ஆண்டு 105, அதற்கடுத்து 115, பிறகு 122 என்று சராசரி ஏறினால், உச்ச வாரம் பழைய 160-ஐத் தாண்டாமலேயே நான்காவது ஆண்டில் அவர் வேறொரு வீரராக இருப்பார். ஏற்றம் ஆண்டுக்கு ஆண்டு சிறுத்துக்கொண்டே போவது இயல்பு.

வாரத்துக்குப் பத்து சதவீதம் கூட்டலாம் என்ற பரவலான விதியை அப்படியே பின்பற்றாதீர்கள். பத்து வாரம் தொடர்ந்து பத்து சதவீதம் கூட்டினால் தொடக்க அளவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வந்து நிற்கும். எந்த எலும்பும் அதைத் தாங்காது. ஓர் அளவுக்கு ஏறி, அங்கேயே மூன்று நான்கு வாரங்கள் நின்று, உடல் அதைச் சாதாரணமாக உணரத் தொடங்கிய பின்பே அடுத்த படிக்குச் செல்லுங்கள். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தூரத்தைக் கால் பங்கு குறையுங்கள்; அந்த வாரத்தை வீரர் சோர்ந்த பிறகு கொடுக்கும் சலுகையாக்காமல், முன்கூட்டியே நாட்காட்டியில் எழுதிவிடுங்கள்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் என்ற எண். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய வீரர்களான பீட்டர் ஸ்நெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் வென்றார். அந்த எண்ணை உலகம் முழுவதும் நகலெடுத்தார்கள். அதற்கு முன்னால் இருந்த ஆண்டுகளை நகலெடுத்தவர்கள் குறைவு. லிடியார்ட் அந்த அளவை முதலில் தம் உடலிலேயே பல ஆண்டுகள் கூட்டியும் குறைத்தும் சோதித்துப் பார்த்தவர். ஹால்பர்க் 1956 மெல்போர்னில் 1,500 மீட்டர் இறுதிப் போட்டியில் 11-ஆவதாக முடித்தவர். ரோமில் வென்ற மனிதர் அந்த நான்கு ஆண்டுகளில் உருவானவர்.

படி 4: கடுமையை அளந்து கொடுங்கள்

உயர்மட்ட நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சியில் சுமார் ஐந்தில் நான்கு பங்கு எளிய வேகத்தில் அமைகிறது என்பது உடலியங்கியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் செய்தி. எளிய வேகம் என்றால், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகம். இளம் வீரர்கள் இந்த ஓட்டங்களைச் சற்று வேகமாக ஓடி, அதனாலேயே கடுமையான நாட்களைச் சற்று மெதுவாக ஓடுகிறார்கள். எல்லா நாளும் நடுத்தரமாகிவிடுகிறது. கட்டுப்படுத்துவதற்கு மிக எளிதான தவறு இதுதான், ஆனால் பயிற்சியாளர் உடன் சென்று பார்க்காவிட்டால் தெரியாது.

மீதமுள்ள கடுமையான பகுதியில் பெரும்பங்கு லாக்டேட் வரம்பை, அதாவது கடின உழைப்பில் தசைகள் வெளியிடும் லாக்டேட் ரத்தத்தில் வேகமாகச் சேரத் தொடங்கும் நிலையை, ஒட்டி இருக்கட்டும். ரத்தத்தில் லாக்டேட் லிட்டருக்கு 2 முதல் 4 மில்லிமோல் வரை இருக்கும் அந்தப் பகுதியில், வீரர் நீண்ட நேரம் வேலை செய்துவிட்டு மறுநாளும் இயல்பாக ஓட முடியும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அளக்கும் கருவி இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் இதயத் துடிப்பும், "இன்னும் இரண்டு சுற்று இதே வேகத்தில் போக முடியுமா?" என்ற கேள்வியும் போதும். முடியாது என்ற பதில் வந்தால் அன்றைய வேகம் தவறு.

ஒரே பயிற்சியை ஆண்டுகளின் ஊடே எப்படி வளர்ப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1,000 மீட்டரை மூன்று நிமிடத்தில், 90 விநாடி ஓய்வுடன், ஆறு முறை ஓடுவதில் தொடங்குகிறீர்கள். முதலில் எண்ணிக்கையை எட்டாகவும் பத்தாகவும் உயர்த்துங்கள். பிறகு வேகத்தைத் தொடாமல் ஓய்வை 60 விநாடியாகக் குறையுங்கள். அதே வேகத்தில் இதயத் துடிப்பு தெளிவாகக் கீழே வந்த பிறகே வேகத்தை 2:57-க்கு நகர்த்துங்கள். நகர்த்தும்போது எண்ணிக்கையை மறுபடி ஆறுக்கு இறக்கிவிடுங்கள். எந்தக் கட்டத்திலும் மாறுவது ஒன்று மட்டுமே. இந்த ஒரு பயிற்சியை இப்படி வளர்ப்பதற்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம், ஆகட்டும். கடைசிச் சுற்று முடியும்போது வீரர் தரையில் விழுந்து கிடக்கிறார் என்றால், அது பார்ப்பவருக்கு வீரமாகத் தோன்றலாம்; பயிற்சியாளருக்கு அது கணக்குப் பிழை.

வாரம் இரண்டு முறை எளிய ஓட்டத்தின் முடிவில் 100 மீட்டர் அளவில் ஆறு முதல் எட்டு வேக ஓட்டங்களைத் தளர்வாக ஓட வையுங்கள். மாரத்தான் வீரர்களுக்கும் இது வேண்டும். அடிப்படை வேகத்தை முற்றிலும் கைவிட்டுவிட்டுப் பிறகு மீட்பது கடினம்.

படி 5: ஆண்டின் வடிவத்தை முதலில் ஓய்விலிருந்து வரையுங்கள்

நாட்காட்டியை எடுத்ததும் முதலில் குறிக்க வேண்டியது பருவத்தின் முடிவில் வரும் இரண்டு முதல் நான்கு வார ஓய்வு. அதன் பிறகு முக்கியப் போட்டி, அதிலிருந்து பின்னோக்கிப் போட்டிக்கான தயாரிப்பு, மிச்சமுள்ளது அடித்தளம். மாரத்தானில் ஆண்டுக்கு இரண்டு முழு முயற்சிகளே பெரும்பாலோருக்கு எல்லை. கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே தம் உச்ச காலத்திலும் ஏறக்குறைய அதற்குமேல் போனதில்லை. பரிசுப் பணத்துக்காக மூன்றாவதைச் சேர்க்கும் அழுத்தம் வரும். சில வீரர்களுக்கு அந்தப் பணம் உண்மையான தேவை என்பதால் இதை எளிதாக மறுத்துவிட முடியாது. ஆனால் அதைச் சேர்ப்பதாக இருந்தால் அடுத்த ஆண்டின் தொடக்கத்தை ஆறு வாரமாவது தள்ளி எழுதுங்கள்.

படி 6: நேரம் குறையாதபோதும் முன்னேற்றத்தை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

உயர்மட்டத்தில் ஒரு சதவீதம் பெரிய தொகை. மாரத்தானை 2:10:00-இல் ஓடுபவருக்கு அது 78 விநாடி. 10,000 மீட்டரை 28 நிமிடத்தில் ஓடுபவருக்குச் சுமார் 17 விநாடி. ஒரு நாளின் காற்றும் வெப்பமும் போட்டியின் போக்கும் அதைவிட அதிகமாக நேரத்தை மாற்றிவிடும். ஆகவே போட்டி முடிவை மட்டும் வைத்து ஓர் ஆண்டை மதிப்பிட்டால், பாதி நேரம் வானிலையைத்தான் மதிப்பிடுவீர்கள்.

ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை ஒரே சோதனையைச் செய்யுங்கள்: அதே டிராக், அதே நேரம், அதே காலணி, முந்தைய நாள் அதே அளவு ஓட்டம். எடுத்துக்காட்டாக, நிர்ணயித்த ஓர் இதயத் துடிப்பில் 6 கிலோமீட்டர் ஓடச் சொல்லி எடுத்துக்கொண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளலாம். காலணியைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கார்பன் தகடும் தடித்த நுரையும் கொண்ட காலணிகள் 2017-க்குப் பிறகு பரவலானதால், அதற்கு முந்தைய நேரங்களுடன் இன்றைய நேரங்களை ஒப்பிட்டு "வளர்ந்துவிட்டார்" என்று சொல்ல முடியாது. ஒரே வீரரின் இரண்டு பருவங்களுக்கு நடுவிலும் காலணி மாறியிருக்கலாம்.

சோதனை முடிவுகள் மூன்று முறை தொடர்ந்து ஒரே திசையில் போனால் மட்டுமே அதை நம்புங்கள். கடுமையான பயிற்சிக்குப் பின் மீள எத்தனை நாள் ஆகிறது என்பதும் நல்ல அளவுகோல்: சென்ற ஆண்டு மூன்று நாள் தேவைப்பட்ட பயிற்சிக்கு இந்த ஆண்டு இரண்டு நாள் போதும் என்றால், எந்தப் போட்டியிலும் அது இன்னும் தெரியாவிட்டாலும், வளர்ச்சி நடந்திருக்கிறது.

படி 7: உணவுப் பற்றாக்குறையைப் பயிற்சிப் பிழையாகவே கருதுங்கள்

இந்த விளையாட்டில் அதிக வாழ்க்கைகளைக் குலைத்த தவறு இது என்பதே என் உறுதியான எண்ணம். எடை குறைந்தால் வேகம் கூடும், சில மாதங்களுக்கு. அந்தச் சில மாதங்களில் கிடைக்கும் வெற்றி பயிற்சியாளரையும் வீரரையும் ஏமாற்றிவிடுகிறது. அதன்பின் எலும்பு மெலிகிறது, ஹார்மோன்கள் சரிகின்றன, தொற்றுகள் அடிக்கடி வருகின்றன, அழுத்த முறிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குகின்றன. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாததால் வரும் இந்தக் கோளாறுக்குச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் தனிப் பெயரிட்டது. அது ஆண்களையும் பாதிக்கும் என்பதையும் அப்போதே தெளிவுபடுத்தியது.

மாதவிடாய் நின்றுபோவதை "நல்ல ஃபார்மின் அடையாளம்" என்று சொல்லும் பழக்கம் பயிற்சி முகாம்களில் இருந்தது. அது அபாய அறிகுறி. மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள், அதுவரை பயிற்சியைக் குறையுங்கள். வீரர்களை எல்லோர் முன்னிலையிலும் எடை பார்க்காதீர்கள், உடல் வடிவத்தைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்லாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை ரத்தப் பரிசோதனை செய்து, உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பாருங்கள். உயரமான மலைப்பகுதி முகாமுக்குச் செல்வதற்குச் சில வாரங்களுக்கு முன்பு இது கட்டாயம். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் அங்கே புதிய சிவப்பணுக்களை உருவாக்க உடலிடம் மூலப்பொருளே இருக்காது. இரும்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டாம்.

படி 8: வலிக்கு முன்கூட்டியே ஒரு விதி வைத்திருங்கள்

வலி வந்த பிறகு விவாதித்தால் ஆசைதான் வெல்லும். ஆகவே பருவம் தொடங்கும்போதே எழுதி இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள்: ஓடும் முறையை மாற்றும் எந்த வலிக்கும் அன்றே நிறுத்தம், எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி என்றால் ஸ்கேன் எடுக்கும்வரை ஓட்டம் இல்லை. பத்து நாள் ஓய்வு எவ்வளவு கசந்தாலும், முறிவு வந்தால் இழக்கும் மூன்று மாதத்துக்கு அது ஈடாகாது. ஓய்வில் மிதிவண்டியும் நீரில் ஓடும் பயிற்சியும் இதயத்தைத் தயார்நிலையில் வைத்திருக்கும். ஆனால் திரும்பி வரும்போது முதல் படியில் சொன்ன அதே ஆபத்து இருக்கிறது: மூச்சு தயார், கால் தயாரில்லை.

படி 9: தேக்கம் வரும்போது நிலைகுலையாதீர்கள்

கிப்சோகே 2003-இல் 18 வயதில் பாரிஸ் உலகப் போட்டியின் 5,000 மீட்டரில், அக்காலத்தின் முன்னணி ஓட்டக்காரர்களான ஹிச்சாம் எல் கெரூஜையும் கெனெனிசா பெக்கெலேயையும் முந்தித் தங்கம் வென்றார். ஏதென்ஸில் வெண்கலம், பெய்ஜிங்கில் வெள்ளி. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கான கென்ய அணியில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. பதின்ம வயதிலிருந்து அவரை வழிநடத்திய பாட்ரிக் சாங், தாமே 1992 பார்சிலோனாவில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் தடையோட்டத்தில் வெள்ளி வென்றவர். இருவரும் பிரியவில்லை, தூரத்தைத்தான் மாற்றினார்கள். 2013-இல் ஹாம்பர்க்கில் முதல் மாரத்தானை 2:05:30-இல் வென்றார். 2016 ரியோவிலும் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம். 2022 பெர்லினில் 37 வயதில் 2:01:09. புதிய தூரத்தை அவர் பழைய அடித்தளத்தின் மேல் வைத்தார் என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் மெப் கெஃப்லெசிகியும் அவருடைய கல்லூரிக் காலப் பயிற்சியாளர் பாப் லார்சனும் இதே வழியில் சென்றவர்கள். 2004-இல் ஒலிம்பிக் மாரத்தான் வெள்ளி, 2007-இல் இடுப்பு எலும்பு முறிவு, 2009-இல் நியூயார்க்கில் வெற்றி, 2014-இல் 39 வயதை எட்டுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு பாஸ்டனில் வெற்றி. பாஸ்டனின் 2:08:37 அதுவரை அவர் ஓடியதில் மிகச் சிறந்தது.

தேக்கம் என்று அழைப்பதற்கு முன் இரண்டு முழுப் பயிற்சிச் சுழற்சிகளாவது காத்திருங்கள். ரத்தப் பரிசோதனையையும் உறக்கத்தையும் முதலில் பாருங்கள். அவை சரியாக இருந்தால் மட்டுமே திட்டத்தில் கைவையுங்கள், அதிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒரே சமயத்தில் மாற்றி முன்னேற்றம் வந்தாலும், எது உதவியது என்று உங்களுக்குத் தெரியாது.

படி 10: முடிவெடுக்கும் உரிமையைச் சிறிது சிறிதாகக் கைமாற்றுங்கள்

முதல் ஆண்டில் ஒவ்வொரு நாளின் வேகத்தையும் நீங்கள் எழுதுவீர்கள். மூன்றாவது ஆண்டில் எளிய நாட்களின் தூரத்தை வீரரே தீர்மானிக்கட்டும். ஐந்தாவது ஆண்டில், கடுமையான பயிற்சியை ஒரு நாள் தள்ளிவைக்கும் உரிமை, காரணம் கேட்கப்படாமல், அவருக்கு இருக்க வேண்டும். போட்டியின் 35-ஆவது கிலோமீட்டரில் உங்கள் குரல் அவருக்குக் கேட்காது. அங்கே தேவைப்படும் தீர்மானத்தை அவர் பயிற்சியிலேயே எடுத்துப் பழகியிருக்க வேண்டும்.

பருவ ஓய்வின் இரண்டாவது வாரத்தில், இருவரும் பதிவேட்டுடன் ஒரு மாலை உட்காருங்கள். இழந்த நாட்களை எண்ணுங்கள், ஆண்டுச் சராசரியைக் கணக்கிடுங்கள், எந்தப் பயிற்சிகளுக்குப் பிறகு அவர் மகிழ்ச்சியாக வீடு திரும்பினார் என்று கேளுங்கள். பிறகு புதிய ஆண்டின் முதல் நான்கு வாரங்களை மட்டும் எழுதுங்கள், கடந்த ஆண்டின் சராசரியைவிடச் சற்றுக் குறைந்த தூரத்தில்.